உப்புக்கல்லின் ஏழாம் பகுதி

வேலை செய்யும் இடத்தில் அவரைக் காதுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் இருபத்தாறு வருடங்கள். மற்ற மெக்கானிக்குகள் பெட்டியைத் திறந்து மீட்டரை வைத்துப் பார்ப்பதற்குள், இவர் கீழ்த்தளத்தில் கண்ணை மூடி நின்று, லிஃப்ட் ஒரு தடவை மேலே போய் இறங்கும் வரை கேட்பார். "அஞ்சாவது மாடிக் கதவுல உருளை தேஞ்சிருக்கு. மோட்டார்ல ஒண்ணுமில்ல" என்பார். ஏறிப் போய்ப் பார்த்தால் அப்படியேதான் இருக்கும்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்தக் காதையும் சேர்த்துக் கழற்றிவிடுவார் போலிருக்கிறது. மனைவி சொல்வதற்கெல்லாம் "ம்" என்பார். "அப்பாவோட 'ம்'ல மொத்தம் நாலு வகை. நாலுக்கும் ஒரே அர்த்தம்தான், காதுல விழலன்னு" என்று மகள் பள்ளியில் படிக்கும்போதே கிண்டல் செய்வாள். அம்மாவும் மகளும் சேர்ந்து சிரிப்பார்கள். அதற்கும் அவர் "ம்" என்பார்.

மனைவி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் போன் எடுத்துப் பேசும் வேலையில் இருந்தாள். ஐம்பத்தொரு வயது. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். தூங்குகிறாள் என்று பக்கத்திலிருந்தவர்கள் நினைத்தார்கள். கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் எழுப்பினார். எழுந்திருக்கவில்லை.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார் டாக்டர். "முன்னாடி தலைவலி, தலைசுத்தல்னு ஏதாவது சொன்னாங்களா?"

அவர் யோசித்துப் பார்த்தார். சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருந்திருக்கலாம். அவருக்குத் தெரியவில்லை. அன்று காலை ஒரு கட்டடத்தின் காவலாளி தன் முழங்கால் வலியைப் பற்றிச் சொன்னது வார்த்தை வார்த்தையாக நினைவிருந்தது. மனைவி கடைசியாகப் பேசியது என்ன என்று எவ்வளவு துழாவியும் கிடைக்கவில்லை.

உறவுக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் இரண்டு வாரம் இருந்துவிட்டுக் கிளம்பினாள். மனைவியின் போன் சமையலறை அலமாரியில் சார்ஜில் கிடந்தது. அதை எடுத்து ஓரம் வைக்க அவருக்குக் கை வரவில்லை. அவ்வப்போது ஒலிக்கும்; அவர் எடுத்துப் பார்ப்பதில்லை.

நான்காவது வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் போன் இரண்டு தடவை ஒலித்தது. முதல் செய்தி: "உப்புக்கல், உங்கள் அணியின் ஏழாம் பகுதியை அனுப்ப இன்னும் பன்னிரண்டு நாட்கள் உள்ளன." ஏதோ விளம்பரம் என்று நினைத்தார். இரண்டாவது செய்தி ஈரக்குடை என்ற பெயரில் வந்திருந்தது. "அக்கா, எங்க காணாமப் போயிட்டீங்க? பயமா இருக்கு. ஒரே ஒரு வார்த்தை போடுங்க."

மகளுக்குப் போன் செய்தார். "உப்புக்கல்னா யாரு?"

"அம்மாதான்ப்பா. அந்தப் பேர்லதான் கதை எழுதுவாங்க."

"கதையா? எப்பலேர்ந்து?"

"நாலு வருஷமா. உங்களுக்குத் தெரியாதா?"

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொன்னாங்கப்பா. நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்றாள் மகள். பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்பது போல அவசரமாக, "போனைத் திறந்து பாருங்க. பூட்டெல்லாம் போடல. எப்பவுமே போட்டதில்ல" என்றாள்.

அது ஒரு இணையதளம் நடத்தும் போட்டி. மூன்று மூன்று பேராக அணி சேர்ந்து, ஏழு பகுதிகளில் ஒரு கதையை முறை வைத்து எழுத வேண்டும். ஒருவர் விட்ட வரியிலிருந்து அடுத்தவர் தொடர வேண்டும். வாசகர்கள் ஓட்டுப் போடுவார்கள். இந்த அணியில் உப்புக்கல், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஈரக்குடை, நில அளவைத் துறையில் ஓய்வு பெற்ற பழைய சைக்கிள் என்று மூன்று பேர். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. ஒன்று, நான்கு, ஏழு ஆகிய பகுதிகள் உப்புக்கல்லுடையவை.

சமையலறையில் நின்றபடியே படிக்க ஆரம்பித்தார்.

முதல் பகுதியில் ஒரு பெண் மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது மாரடைத்து இறந்துபோகிறாள். இறந்தவள் எழுந்து, மீதித் துணியையும் மடித்து வைக்கிறாள். சாயங்காலம் புருஷன் வருகிறான். அவள் சாப்பாடு போடுகிறாள், அவன் சாப்பிடுகிறான், கை கழுவிக்கொண்டு போகிறான். அவள் செத்துப்போனதை அவன் கவனிக்கவில்லை. மறுநாளும் கவனிக்கவில்லை.

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

நான்காம் பகுதியில் அந்தக் கதையின் வீடு வந்தது. தூக்கித் தள்ளினால்தான் மூடும் குளியலறைக் கதவு. விரிசல் விட்ட ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிய மஞ்சள் காகிதம். ஆட்டம் நிற்பதற்காக நாற்காலிக் காலுக்கு அடியில் மடித்து வைத்த அட்டை. அவர் குனிந்து பார்த்தார். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் காலுக்கு அடியில் அட்டை இருந்தது. எத்தனை வருடமாக அந்த நாற்காலி ஆடாமல் இருக்கிறது என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

கதையில் ஆறாவது நாள், இறந்தவள் வேண்டுமென்றே சாப்பாடு போடாமல் ஓரமாக நிற்கிறாள். புருஷன் தானே தட்டை எடுத்துப் போட்டுக்கொள்கிறான். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, காலியான எதிர் நாற்காலியைப் பார்த்து "உப்பு கம்மி" என்கிறான். அத்தோடு அந்தப் பகுதி முடிந்திருந்தது.

இதை எழுதி ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. அப்போது அவள் உயிரோடு இருந்தாள். இதே சமையலறையில், இதே போனில் எழுதியிருப்பாள். அப்போது தான் அடுத்த அறையில் இருந்திருக்கக்கூடும் என்று அவர் நினைத்துக்கொண்டார். இருந்தும் இல்லாத மாதிரி.

ஐந்தாம் பகுதியை ஈரக்குடையும் ஆறாம் பகுதியைச் சைக்கிளும் எழுதியிருந்தார்கள். அவள் போய்ச் சேர்ந்தது தெரியாமலே எழுதிய பகுதிகள். ஆறாம் பகுதியின் கடைசி வரி: "அவன் சமையலறை வாசலில் நின்று, முதல் தடவையாக உள்ளே பார்த்தான்."

போன் மறுபடி ஒலித்தது. "அக்கா? இருக்கீங்களா?"

அவள் இறந்துவிட்டாள் என்று எழுதத்தான் நினைத்தார். அதை எத்தனையோ பேரிடம் சொல்லியாகிவிட்டது. இன்னொரு தடவை சொன்னால், மிச்சமிருக்கும் இந்தக் கொஞ்சத்திலும் அவள் இறந்துவிடுவாள் என்று தோன்றியது. விரல் தன்பாட்டுக்கு "இருக்கேன்" என்று அடித்து அனுப்பிவிட்டது.

அன்றிலிருந்து அவருடைய காது வீட்டுக்குள்ளும் வேலை செய்ய ஆரம்பித்தது. ஃப்ரிட்ஜ் உதறி நிற்பது, கொடியில் துணி உரசுவது, குளியலறைக் கதவு மரம் நெகிழ்ந்து முனகுவது, எல்லாம் கேட்டது. காலை ஆறரை மணிவாக்கில் சமையலறையிலிருந்து ஒரு சத்தம் வரும். டக், டக் என்று இரண்டே தடவை. எந்தச் சத்தமானாலும் எந்த உறுப்பிலிருந்து வருகிறதென்று சொல்லிவிடும் மனிதருக்கு அது மட்டும் பிடிபடவில்லை. குழாயைப் பார்த்தார். அலமாரிக் கதவுகளைப் பார்த்தார். கேஸ் அடுப்பைத் தள்ளிவைத்துப் பின்னால் பார்த்தார். உள்ளே போய் நின்றால் வராது, வெளியே வந்து உட்கார்ந்தால் வரும். கடைசி வரை அது என்ன என்று அவர் கண்டுபிடிக்கவே இல்லை.

மனைவியின் போனை வேலைக்கும் எடுத்துப் போனார். மொட்டை மாடியில் மோட்டார் அறைக்குள் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டைத் திறந்தபோது ஈரக்குடையிடமிருந்து நீளமான செய்தி வந்தது.

"அக்கா, அந்தக் கட்டி விஷயம். வியாழக்கிழமை ஊசி குத்தி எடுத்துப் பாக்கப் போறாங்க. வீட்ல இன்னும் சொல்லல. அம்மாவுக்குத் தெரிஞ்சா ஒரேயடியா ஒடிஞ்சு போயிடுவாங்க. உங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

அவர் சாப்பாட்டை மூடி வைத்தார். முகம் தெரியாத ஒரு பெண் தன் உடம்பைப் பற்றி ஓர் அக்காவிடம் சொல்கிறாள். கேட்டுக்கொண்டிருப்பது எண்ணெய்க் கையோடு உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள். என்ன எழுதுவதென்று தெரியாமல் "பயப்படாதே" என்று போட்டார்.

உடனே பதில் வந்தது. "என்னக்கா புதுசா இருக்கு? நீங்க எப்பவும் 'நல்லா பயந்துக்கோ, நானும் கூடச் சேர்ந்து பயப்படறேன்'னுதானே சொல்வீங்க."

அது அவளுடைய குரல்தான். அப்படிச் சொல்லிவிட்டு லேசாகத் தோளைக் குலுக்குவாள். ஆனால் அந்த வாக்கியத்தை அவர் கேட்டதே இல்லை. ஒருவேளை கேட்டிருக்கலாம்.

பக்கத்துக் கட்டடத்தில் வேலை முடித்து வந்த கூட்டாளியிடம், அந்த டக், டக் சத்தத்தையும் சேர்த்து எல்லாவற்றையும் கொட்டினார். கூட்டாளி வாய் பிளந்து கேட்டான்.

"செத்துப்போனவங்க பேர்ல பதில் போட்டியா? உனக்கென்ன மண்டை கழண்டுபோச்சா?"

"கை தானா போட்டுருச்சுப்பா."

"நீ பேயைப் பாத்து பயப்படறேங்கறே. அந்தப் பொண்ணு பக்கத்துலேர்ந்து பாரு, இப்ப நீதான்யா பேய்."

அது சுருக்கென்று தைத்தது. அங்கேயே உட்கார்ந்து, தட்டுத் தடுமாறி, இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதினார். நான் உப்புக்கல்லின் கணவர், அவள் போய் ஒரு மாதம் ஆகப் போகிறது, "இருக்கேன்" என்று போட்டது நான்தான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று.

பழைய சைக்கிள் அரை மணி நேரத்தில் பதில் எழுதினார். "ஐயா, நாலு வருஷமா தினமும் பேசின பிள்ளை. முகம்கூட தெரியாது. இன்னிக்கு எனக்குச் சோறு இறங்காது." ஈரக்குடை பதிலே போடவில்லை. ஒரு நாள் ஆயிற்று. இரண்டு நாள் ஆயிற்று. வியாழக்கிழமையும் போயிற்று.

வெள்ளிக்கிழமை மத்தியானம், அவர் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்டுக்கு அடியிலிருக்கும் பள்ளத்தில் இறங்கி ஸ்ப்ரிங்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மனைவியின் போன் அடித்தது. எடுத்தவுடன் ஓர் இளம்பெண்ணின் குரல் வெடித்தது.

"அவங்ககிட்ட சொன்னதை நீங்க எப்படிக் கேக்கலாம்? யாரு நீங்க?"

"தப்புதாம்மா."

"ஒரு மாசமா நான் செத்தவங்களுக்கு மெசேஜ் போட்டுட்டு இருந்திருக்கேன். அது உங்களுக்குப் புரியுதா?"

"புரியுதும்மா. தப்புதான்."

திட்டுவதற்கு அவளிடம் இன்னும் நிறைய இருந்தது. எல்லாவற்றையும் அவர் கேட்டுக்கொண்டார். மூச்சு வாங்க அவள் நிறுத்தியபோது, "நேத்து ஊசி போட்டாங்களா?" என்று கேட்டார்.

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கேட்டது. அவர் பள்ளத்தின் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். மேலே யாரோ லிஃப்ட் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, சபித்துக்கொண்டே படியேறிப் போனார்கள்.

"போட்டாங்க. புதன்கிழமை ரிப்போர்ட் வரும்" என்றாள் கடைசியில்.

"ஒண்ணு கேக்கலாமா? அந்தக் கதைல வர்ற புருஷன்... அது நானா?"

"நாங்களும் கேட்டோம், அண்ணா" என்றாள். அண்ணா என்று எப்போது மாறினாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. "அக்கா ஒரு சிரிக்கற பொம்மைதான் போட்டாங்க. ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. அஞ்சாம் பகுதில அந்தாளை மாடிப்படிலேர்ந்து உருட்டி விட்டுடறேன்னு நான் ஒத்தைக் கால்ல நின்னேன். சைக்கிள் சாரும் சரின்னுட்டாரு. அக்கா மட்டும் ஒத்துக்கவே இல்ல. 'அவரு கெட்டவர் இல்ல. கண்டுபிடிச்சுடுவாரு. கொஞ்சம் விடுங்க'ன்னாங்க."

"எப்படிக் கண்டுபிடிப்பாருன்னு சொன்னாங்களா?"

"அதைத்தான் ஏழாம் பகுதில எழுதறேன்னாங்க."

அன்று வீட்டுக்கு வந்ததும் போனில் தேடினார். குறிப்புகள் வைக்கும் இடத்தில் '7' என்று தலைப்பிட்டு ஒன்று இருந்தது. திறந்தார். உள்ளே ஒரே வரி: "முடிவில் மழை வேண்டாம்." வேறு ஒன்றும் இல்லை. வேறெங்காவது இருக்குமென்று மறுநாள் அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குப் போய், கேட்டுக்கொண்டு அவளுடைய மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்தார். ஒரு சீப்பு, தலைவலி மாத்திரை அட்டை, இரண்டு பேனா. மாத்திரை அட்டையில் பத்தில் எட்டு தீர்ந்திருந்தது. அதை அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

போட்டி நடத்துகிறவர்களுக்குச் சைக்கிள் கடிதம் எழுதினார். பதிவு செய்தவர்கள் மட்டுமே எழுதலாம் என்பது விதி, வேறொருவர் எழுதினால் கதை போட்டியில் இருக்காது, ஆனால் தளத்தில் இருக்கலாம் என்று அவர்கள் வருத்தம் தெரிவித்துப் பதில் போட்டார்கள். மூன்று பேரும் போனில் பேசினார்கள். பரிசு போனால் போகட்டும், கதை அந்தரத்தில் நிற்க வேண்டாம் என்றாயிற்று. "நீங்கதான் எழுதணும் அண்ணா" என்றாள் ஈரக்குடை.

"எனக்கு ரிப்போர்ட்தான்மா எழுதத் தெரியும். 'பிரேக் தேய்மானம், மாற்றப்பட்டது.' அவ்வளவுதான்."

"அப்படியே எழுதுங்க."

மூன்று நாள் முயன்றார். மோட்டார் அறையில், லிஃப்ட் கூண்டின் கூரைமேல், டீக்கடை பெஞ்சில். முதலில் புருஷன் அவள் காலில் விழுந்து கதறுவதாக எழுதினார். படித்துப் பார்த்தால் யாரோ எவரோ கதறுவது போலிருந்தது. அழித்தார். பிறகு புருஷனுக்குத் திடீரென அவளுடைய மூச்சுச் சத்தம் கேட்பதாக எழுதினார். அது பச்சைப் பொய். தனக்குக் கேட்கவில்லை என்பது அவருக்கே தெரியும். அதையும் அழித்தார்.

புதன்கிழமை காலை குளிக்கப் போனபோது சோப்பு கரைந்து தகடாகிவிட்டிருந்தது. புதியதைப் பிரித்துக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றார். இத்தனை வருடமும் புதுச் சோப்பின் முதுகில் பழைய சோப்பின் மிச்சம் ஒட்டியே இருக்கும். சோப்பு என்றால் அப்படித்தான் இருக்கும் என்பது போல அவர் அதைத் தேய்த்துக் குளித்திருக்கிறார். இப்போது கையிலிருந்தது வழுவழுவென்று, முதுகில் ஒன்றுமில்லாமல் இருந்தது. ஈரத்தோடு வெளியே வந்து எழுத உட்கார்ந்தார்.

அவருடைய ஏழாம் பகுதியில் புருஷன் சமையலறை வாசலில் நின்று, சோப்பைப் பற்றிக் கேட்கிறான். பிறகு நாற்காலிக்கு அடியிலிருக்கும் அட்டையைப் பற்றிக் கேட்கிறான். பிறகு, "உனக்குத் தலை வலிச்சுதா?" என்று கேட்கிறான். அவள் திரும்பிப் பார்க்கிறாள். அவன் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து, "நீ சொல்லு, நான் கேக்கறேன்" என்கிறான். அங்கே நிறுத்திவிட்டார். அவள் என்ன சொல்வாள் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாததை எழுத அவருக்கு வராது. மழையும் வைக்கவில்லை.

வாசகர்களில் பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை. "ஆறு பகுதியும் அசத்தல், கடைசியில சப்புனு போச்சு" என்று ஒருவர். "பேய் வாயையே திறக்கலையே, இதுக்கா இத்தனை நாள் காத்திருந்தோம்?" என்று இன்னொருவர். அதைப் படித்து, நெடுநாளைக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

மகள் ஏழு பகுதியையும் ஒரே மூச்சில் படித்துவிட்டுக் கூப்பிட்டாள். "நாலாம் பகுதி படிச்சப்ப உங்கமேல கோபம் கோபமா வந்ததுப்பா. கடைசிப் பகுதி படிச்சப்புறமும் அது போகல."

"இருந்துக்கோம்மா" என்றார். "போகணும்னு எழுதல."

ஈரக்குடையின் ரிப்போர்ட்டில் பயப்படும்படி ஒன்றுமில்லை. வீட்டுக்குச் சொல்வதற்கு முன்பே அவருக்குச் சொன்னாள். அவர் அந்தச் செய்தியை மூன்று தடவை படித்தார், அது தனக்கு வந்ததுதானா என்று பார்ப்பது போல.

அதன் பிறகு வேலைக்குக் கிளம்பும் முன் தினமும் மனைவியின் போனில் அந்தத் தளத்தைத் திறந்து பார்ப்பது அவருக்குப் பழகிவிட்டது. அவர் திறக்கும்போது உப்புக்கல் என்ற பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். மற்ற இருவருக்கும் அது தெரியும். "காலைல அக்கா பேர் பக்கத்துல புள்ளி எரியறதைப் பாத்தா ஒரு நிமிஷம் திக்குனு ஆகுது. அப்புறம் நீங்கதான்னு ஞாபகம் வருது. மூடிடாதீங்க அண்ணா, இருக்கட்டும்" என்றாள் ஈரக்குடை.

ஒரு நாள் விடியற்காலையிலேயே ஓர் ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்றுவிட்டதென்று அவரைக் கூப்பிட்டார்கள். அவசரத்தில் மனைவியின் போனை அலமாரியிலேயே விட்டுவிட்டு ஓடினார். மத்தியானம் தன் போனில் ஈரக்குடையிடம் பேசும்போது அதைச் சொன்னார்.

"விளையாடாதீங்க அண்ணா. காலைல ஆறரைக்குப் புள்ளி எரிஞ்சுதே. ரொம்ப நேரம் எரிஞ்சுது."

சைக்கிளைக் கேட்டார்கள். போன் சார்ஜில் கிடந்தால் சில சமயம் அந்தத் தளம் தானாகவே இணைந்துகொள்ளும், அதில் ஒன்றுமில்லை என்று அவர் விளக்கினார். அப்படித்தான் இருக்கும் என்று காதுக்காரரும் ஒப்புக்கொண்டார். ஆறரை மணிவாக்கில் சமையலறையில் கேட்கும் அந்த டக், டக்கை மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை. கருவிகளைப் பையில் போட்டுக் கட்டினார். சூப்பர்வைசரிடம் சொல்லிக்கொண்டு, இன்னும் வெயில் இருக்கும்போதே வீட்டைப் பார்த்து நடந்தார்.